ஓடாமல் கிடக்கும் காருக்கு: குமரி மாவட்ட வீடுகளுக்கான குறிப்புகள்

கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் உறை போட்டு மூடிய ஒரு காரையாவது பார்க்கலாம். வண்டிக்குச் சொந்தக்காரர் துபாயிலோ தோஹாவிலோ மஸ்கட்டிலோ வேலையில் இருப்பார். இல்லையென்றால் சென்னை, பெங்களூரு. தூத்தூர்ப் பக்கம் என்றால் ஆழ்கடல் தொழிலுக்குப் போய் வாரக்கணக்கில் கரை ஏறாதவராக இருப்பார். வீட்டில் வயதான அப்பாவும் அம்மாவும். நடுராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்றுதான் அதை விற்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த ராத்திரியில் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு வண்டி நின்றுவிடக் கூடாது. இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்கக் கார்கள் மாதக்கணக்கில் நின்றன. அப்போது சொல்லப்பட்ட யோசனைகள் பலவும் வறண்ட ஊர்களுக்குப் பொருந்துபவை. நம் மாவட்டம் வேறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும். சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரையில் இருந்து உப்புக் காற்று உள்ளே வரும். இங்கே நிற்கும் வண்டிக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது உப்பு. இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வண்டியை வெளியே எடுத்து ஓட்ட ஓர் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். குறைந்தது அரை மணி நேரம், இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல். இதைத் தவறாமல் செய்தால் கீழே உள்ள குறிப்புகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

"காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் போடுவோம், அது போதும்" என்று பல வீடுகளில் சொல்வார்கள். போதாது. அது வண்டிக்குக் கெடுதலும்கூட. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடானால்தான் அந்த ஆவி முழுக்க வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் அது சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் இருந்து எடுத்த கரண்ட்டை அந்த ஐந்து நிமிடம் முழுசாகத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. பிரேக், கிளச், டயர் எதுவும் அசைவதில்லை.

நாகர்கோவிலில் இருப்பவர்கள் சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பினால் சுமார் நாற்பது கிலோமீட்டர் ஓடிவிடும். மார்த்தாண்டம் பக்கம் என்றால் திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை போகலாம். ஏற்றத்தில் இன்ஜின் நன்றாகச் சூடேறும். முட்டம், சொத்தவிளை போன்ற கடற்கரைகளில் கொண்டுபோய்க் காற்றில் நிறுத்திவிட்டு அப்படியே வந்து ஷெட்டில் போடாதீர்கள். ஓட்டும்போது பத்து நிமிடமாவது ஏசி போடுங்கள். கம்ப்ரசரில் உள்ள ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றும். அது சுற்றாமல் இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து கேஸ் கசிய ஆரம்பிக்கும்.

2. ஓட்டும் ஆளுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். 'தங்கச்சி மகன் நல்லா ஓட்டுவான், பிளஸ் டூ படிக்கிறான்' என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிடும்.

3. தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். நம் முற்றங்களில் தென்னை இல்லாத மூலை கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் நெற்றும் மட்டையும் விழாத இடமாகப் பாருங்கள். மா, பலா, ஆயினி மரங்களுக்கு அடியில் பிசினும் வௌவால் எச்சமும் விழுந்து வெயிலில் காய்ந்து பெயின்டைத் தின்றுவிடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்துத் தென்னைகளையும் ரப்பர் மரங்களையும் எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் யாரும் மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு வெளிநாடு போக மாட்டார்கள்.

4. மண் தரை என்றால், தடித்த பாலித்தீன் ஷீட்டை விரித்து அதன் மேல் வண்டியை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் மண்ணில் இருந்து ஏறும் ஈரம் முழுக்க வண்டியின் அடிப்பாகத்தில்தான் போய் ஒட்டும். நாலு பக்கமும் அடைத்த ஷெட்டை விட, மேலே கூரையும் பக்கவாட்டில் காற்றோட்டமும் உள்ள ஷெட் நல்லது.

5. நிறுத்துவதற்கு முன்னால் வண்டியைக் கழுவுங்கள். மேலே பளபளப்பாக்குவதைவிட அடிப்பாகத்தைக் கழுவுவது முக்கியம். வாட்டர் சர்வீஸில் ஜாக்கியில் ஏற்றி, சக்கர வளைவுகள், பிரேக் பக்கம், சேஸிஸ் எல்லாம் தண்ணீர் பீய்ச்சி உப்பையும் சேற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். இரும்பில் ஒட்டிய உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் அந்த இடம் நனைந்தே இருக்கும். கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயன் இல்லை. நல்ல தண்ணீர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். கழுவிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, நன்றாகக் காய்ந்த பின் மெழுகு பாலிஷ் போட்டு நிறுத்துங்கள்.

6. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பகலில் உள்ளே வேர்த்து, ராத்திரி அந்தத் தண்ணீர் வண்டி மேலேயே நிற்கும். காற்றுப் புகும் துணிக் கவர் வாங்குங்கள், ஷெட்டுக்குள் என்றால் பழைய பருத்திப் போர்வைகூடப் போதும். ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கம் இருப்பவர்கள் கவரை நாலு மூலையிலும் இழுத்துக் கட்ட வேண்டும். காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்று, தளர்ந்த கவரை மாதக்கணக்கில் அடித்து அடித்துப் பெயின்டைத் தேய்த்துவிடும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட்டோடு கார்னெட் என்ற கனிமமும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படுத்தும் அதே கார்னெட்தான். அந்தத் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தால் பெயின்டில் கோடு விழாமல் இருக்காது. தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். வைப்பரையும் காய்ந்த கண்ணாடி மேல் ஓட விடாதீர்கள்.

7. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரக் காற்றில் பின் சக்கரப் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அடை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் போட்டு அடை கொடுங்கள். 'ஹேண்ட் பிரேக் போடவில்லை' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுவது நல்லது. அடுத்து எடுப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.

8. டயரில் வழக்கமான அளவைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று அடையுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மாதம் ஒரு முறை வண்டியை அரை அடி முன்னே பின்னே உருட்டி வைத்தால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. திரும்ப ஓட்டுவதற்கு முன் காற்றைச் சரியான அளவுக்குக் குறைத்துவிடுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.

9. பேட்டரி. நின்ற வண்டியில் முதலில் போவது இதுதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சாவியை எடுத்த பிறகும் காரில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடிகாரம், சென்ட்ரல் லாக், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சின்னக் காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். 30 மில்லி ஆம்பியர் போனாலே ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி குறையும். ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் காலி. அப்படிக் காலியான நிலையிலேயே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் ஏறாது.

ஒரு மாதத்துக்கு மேல் யாரும் ஓட்ட மாட்டார்கள் என்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். எப்போதும் நெகட்டிவ்வைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். கழற்றிய முனை திரும்பப் போய்த் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்து, காய வைத்து, மேலே வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ கூடாது.

மல்டிமீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். 12-க்கும் கீழே என்றால் தாமதிக்காதீர்கள். வீட்டிலேயே ஷெட்டில் பிளக் பாயின்ட் இருந்தால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சின்னச் சார்ஜர் ஒன்று வாங்கிப் போடுவது நல்ல செலவு.

10. பேட்டரியைக் கழற்றும் முன் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது. ரிமோட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவு திறக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அந்தச் சாவித் துளை வாங்கிய நாளில் இருந்து தொடப்படாமல் துருவேறிக் கிடக்கும்.

11. பெட்ரோல் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். டேங்கில் காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால் ஈரமும் குறைவாகவே சேரும். ஆகவே, ஆறு மாதத்துக்குள் திரும்புவீர்கள் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். யாராவது அவ்வப்போது ஓட்டுகிறார்கள் என்றால் பாதிக்குக் குறையாமல் வைத்து, புதுப் பெட்ரோலாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்த பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

12. டீசல் வண்டி என்றால் டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சரில் இருக்கிறது; நீண்ட ஓட்டத்தில் சூடானால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நின்ற இடத்தில் ஸ்டார்ட் போட்டு வைப்பது இந்த வண்டிகளுக்கு இன்னும் கெடுதல்.

13. இன்ஜின் ஆயிலை நிறுத்தும் முன் மாற்றுங்கள், திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அது மாதக்கணக்கில் பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டே கிடக்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலும் ஈரம் உறிஞ்சும் திரவம்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள், கூலன்ட் ஊற்றுங்கள்.

14. உள்ளே பூசணம் பிடிக்காமல் இருக்க, வண்டிக்குள் பிஸ்கட் துணுக்குகூட இல்லாமல் கூட்டி எடுங்கள். மிதியடிகளை வெளியே எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். நம் வீடுகளில் சுலபமாகக் கிடைப்பது சிரட்டைக் கரி. நன்றாக எரித்து ஆறவைத்த கரியை மெல்லிய துணியில் முடிந்து இரண்டு மூன்று பொட்டலமாக சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் வையுங்கள். மாதம் ஒரு முறை வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். உப்பை வைக்காதீர்கள், அது ஈரம் இழுத்து உருகி, சொட்டி, தரைத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மழை விட்ட நல்ல வெயில் நாளில் நாலு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து போடச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துத் துடைத்துவிட வேண்டும். சுருட்டிய இடத்தில்தான் பூசணம் முதலில் வரும்.

15. பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விழும் இலைகளை எடுத்துவிடுங்கள். புளிய இலை, மாம்பூ எல்லாம் அங்கே மட்கித் தண்ணீர் போகும் துளையை அடைக்கும். பிறகு மழைத் தண்ணீர் கேபினுக்குள்தான் இறங்கும்.

16. எலி. ஒரு ராத்திரியில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு வயரைக் கடித்துப் போடும். கார் ஷெட்டையே சாக்குக் கட்டும் இடமாக வைத்திருப்பது நம் வழக்கம்: நெல் ஒரு பக்கம், கொப்பரை ஒரு பக்கம், கோழித் தீவனம் ஒரு பக்கம். அறுவடை முடிந்த நேரத்தில் வயலில் இருந்து வருகிற எலிக்கு அங்கே சாப்பாடும் கிடைக்கிறது, பானட்டுக்குள் ஒளிய இடமும் கிடைக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் தின்பண்டம், தானியம் எதுவும் வைக்காமல் இருப்பதுதான் உண்மையான மருந்து. மற்றதெல்லாம் துணை.

பூட்டிய ஷெட் என்றால் பானட்டைத் திறந்தே வையுங்கள். வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். காய்ந்த புகையிலையைத் துணியில் கட்டி இன்ஜின் பக்கம் வைக்கும் வழக்கம் உண்டு. வாசனை போனதும் பயன் போய்விடும், மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாயிலும் சைலன்சர் முனையிலும் கம்பி வலை கட்டலாம். கட்டியதை ஸ்டியரிங்கில் ஒட்டிய துண்டுச் சீட்டில் மறக்காமல் எழுதுங்கள். எலிப் பாஷாணம் வைக்க வேண்டாம். தின்ற எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றம் எளிதில் போகாது.

எலிக் கூட்டை எடுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும், அதிலும் மழைக்காலத்தில். எலியைத் தேடிப் பாம்பும் வரும். நாள்பட்டு நின்ற வண்டியின் பானட்டைத் திறக்கும் முன் ஒரு கம்பால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, சற்று விலகி நின்று திறங்கள்.

17. வெள்ளம் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த மாவட்டம் வெள்ளத்தைப் பார்த்தது. பழையாற்றுப் பக்கமும் குழித்துறைத் தாமிரபரணிப் பக்கமும் தாழ்வான இடத்தில் வீடு இருந்தால், மழை அறிவிப்பு வந்ததுமே வண்டியை மேட்டுக்கு மாற்ற ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் தண்ணீரை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதோடு இன்ஜின் போச்சு. சாதாரண இன்சூரன்ஸில் அந்த இன்ஜின் செலவு பெரும்பாலும் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை வேண்டும். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று போட்டோ எடுத்து, நெகட்டிவ் முனையைக் கழற்றி, கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

18. வண்டி ஓடவில்லையே, இன்சூரன்ஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை எடுத்தால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. புயல், வெள்ளம், திருட்டு எல்லாம் நிற்கும் வண்டிக்கும் வரும் என்பதால் முழு இன்சூரன்ஸே நல்லது. காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். 50 சதவீதம் வரை சேரும் தள்ளுபடி அது. புகைச் சான்றிதழ் தேதியையும், 15 வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

19. ஆர்.சி.யில் பதிந்த செல்போன் எண் இயங்க வேண்டும். வெளிநாடு போனதும் இந்திய சிம் செத்துவிடும். புதுப்பிக்கும் நாளில் ஓடிபி அந்தச் செத்த எண்ணுக்குத்தான் போகும். கேமராவில் விழுந்த அபராதச் செய்தியும் அதற்குத்தான். போகும் முன், வீட்டில் இருப்பவர் எண்ணையோ நீங்கள் உயிரோடு வைத்திருக்கும் எண்ணையோ பதிந்துவிடுங்கள்.

20. இனி, திரும்பி வந்து எடுக்கும் வேளை. சாவியைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள்: பானட்டுக்குள் கூடு, கடித்த வயர், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே, வண்டிக்கு அடியில் ஒழுகிய கறை, ஆயில் அளவுக் கம்பி, கூலன்ட், பிரேக் ஆயில் மட்டம், பெல்ட்டில் வெடிப்பு, சைலன்சர் வாயில் கட்டிய வலை, குளவிக் கூடு. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

21. முதல் ஸ்டார்ட்டை அவசரப்படுத்தாதீர்கள். ஷெட் கதவைத் திறந்து போடுங்கள். மூடிய இடத்தில் புகை உயிரை எடுக்கும். சாவியை 'ஆன்' வரை திருப்பிச் சில நொடி விட்டு, அணைத்து, திரும்ப 'ஆன்' செய்யுங்கள். பெட்ரோல் பம்ப் குழாயை நிரப்பிக்கொள்ளும். பிறகு ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் நின்ற பெட்ரோல் வண்டி என்றால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்ஃப் கொடுக்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்து போகும் கூலி, இன்ஜின் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எடுத்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள். ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

22. பழைய மாருதி 800, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு: கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக ஒட்டியிருக்கும். பலமுறை செல்ஃப் அடித்துப் பேட்டரியை வீணாக்காமல், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த பழைய மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு வண்டியின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுபோனது. அந்தக் கைப்பக்குவம் உள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

23. ஜம்பர் கேபிள் போடும் வரிசை: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவ்வில், மறு முனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில், கடைசி முனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி மேலேயே கடைசி முனையை வைத்தால் தீப்பொறி பறக்கும். பேட்டரியில் இருந்து வரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளக்கூடியது. வண்டி எடுத்ததும் இதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் இன்றைய வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும்.

24. பிரேக் பிடித்து வண்டி நகராவிட்டால் இன்ஜினை அலற விடாதீர்கள். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'டக்' என்று விட்டுவிடும். விடவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுக்க வேண்டியதுதான். பிரேக் டிஸ்க்கில் மேலாக இருக்கும் செம்மண் நிறத் துரு, நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

25. டயருக்கு வயது பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018-ன் 35-ஆவது வாரம் செய்தது. நம்மூரில் நிற்கும் வண்டிகளின் டயரில் பட்டன் தேயாமல் புதிதுபோலவே இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கும். ஆறு வருடம் தாண்டிய டயரோடு நான்கு வழிச்சாலையில் வேகம் எடுக்காதீர்கள்.

26. மின்சாரக் கார் என்றால் பெரிய பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் விட்டுப் போங்கள். அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு; அது செத்தால் கதவுகூடத் திறக்காமல் போகலாம்.

27. முதல் ஓட்டம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேண்டாம். அண்ணன் நாளைக்கு வருகிறார் என்று ஆறு மாதமாய் நின்ற வண்டியை விடியற்காலையில் எடுத்துக்கொண்டு, களியக்காவிளை தாண்டி நடுவழியில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரம் முன்பே எடுத்து, வீட்டைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் பத்துக் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங், விளக்கு, ஹாரன், வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திரும்பி வந்து நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறுப்புச் சொட்டு இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு அருகில் வழவழப்பான நிறமற்ற சொட்டு என்றால் பிரேக் ஆயில், அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நடுவில் வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், கவலைப்பட வேண்டாம்.